பதினான்காவது பலூன்

பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
பலூனுக்குள் அடங்க வேண்டும், அதுதான் இலக்கணம்.
ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் முடிகிற மிரட்டல்
தமிழில் வாலை நீட்டிக்கொண்டு போய்
நாயகனின் முழங்கையில் இடிக்கும்.
வெட்டுவேன். ஒடுக்குவேன்.
‘பைத்தியம்’ மட்டும் எப்போதும் சரியாக உட்காரும்,
அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

இந்த மாத வில்லன் ஒரு வேதியியல் பேராசிரியர்.
ஏழாம் பக்கத்தில் மனைவி சாகிறாள்.
எட்டில் பச்சைத் திரவத்தை ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்.
ஒன்பதில், மேல்வரிசையில்,
இடது கட்டத்துக்கும் வலது கட்டத்துக்கும் நடுவே
அரை விரற்கடை வெள்ளை.
அதற்குள் புத்தி பேதலித்து முடிந்துவிடுகிறது.
வலது கட்டத்தில் தோள்கள் வண்டிச்சக்கரம் கணக்காய்,
சிரிப்பு மட்டும் மூன்று பலூன்களுக்கு.

என் தம்பி ஐயாறப்பனுக்கு
அந்த வெள்ளை பதினோரு வருஷம்.
மனைவி சாகவில்லை. மனைவியே இல்லை.
எந்தத் தேதியிலிருந்து என்று டாக்டர் கேட்டபோது
அம்மாவும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.
குறுவை நடவுக்குக் கூலி கொடுக்கப் போனவன்
எண்ணிக் கொடுத்துவிட்டு
இருட்டும்வரை வரப்பிலேயே உட்கார்ந்திருந்தானே, அன்றா?
ரேடியோவை ஈரத்துணியில் சுற்றிக்
கிணற்றில் இறக்கினான்,
அது அதற்கு முந்தின வருஷமா, பிந்தினதா?

குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கினோம்.
உச்சிப்பொழுதில் முகத்தில் அறைந்த தீர்த்தத்துக்கு
“ஜில்லுன்னு இருக்கு” என்றான். அவ்வளவுதான்.
பிறகு திருவையாற்றிலிருந்து ஆறரை மணி பஸ்,
தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்.
கோபுரம் வைத்த பாழ்மாளிகை இல்லை,
வௌவால் இல்லை, மின்னல் இல்லை.
பச்சைப் பெயின்ட் உரிந்த பெஞ்ச், டோக்கன் அறுபத்து மூன்று.
காலையும் மாலையும் வெள்ளை, ராத்திரிக்கு மஞ்சள்.

படத்தில் மருந்து தோளை வளர்க்கிறது.
இவனுக்கு வயிற்றை வளர்த்தது.
வாயை உலர்த்தியது.
டம்ளரைத் தூக்கினால்
பாதிக் காபி சட்டைக்குப் போகிறது.

போன வாரப் பேப்பரில் மூன்று பையன்கள்.
வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றியவர்கள்.
தலைப்பில் ‘போதைக் கும்பல்’.
நடுவில் நிற்பவன் மாதவராஜ்,
எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் தூக்கி வருகிறவன்.
முகத்தை மறைத்திருந்த துண்டு
தீபாவளிக்கு நாங்கள் கொடுத்தது.
கரைக்கட்டை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தாள் அம்மா.

ராத்திரி, திரைக்கு முன்னால் வந்து நின்றான் தம்பி.
வில்லனின் மூன்று சிரிப்பையும் நிதானமாகப் படித்தான்.
“எவ்வளவு பேசுறான் இவன்.
எனக்கு வந்தப்ப
தண்ணின்னு சொல்லவே ரெண்டு நாள் ஆச்சு.”
கொஞ்சம் கழித்து,
“இவனுக்குச் சீட்டு போட்டு
மாத்திரை வாங்கித்தர ஆளில்லையா?”

இருந்த ஒரே ஆள் ஏழாம் பக்கத்தில் செத்துவிட்டாள்.
அந்த நகரத்தில் எல்லாரும் ஜன்னலை உடைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.
பஸ் பிடித்து யாரும் வருவதில்லை.

பதினான்காவது பலூன்:
நாயகனின் பூட்ஸ் பேராசிரியரின் நெஞ்சில்.
“பைத்தியமே, இனி உனக்குச் சங்கிலிதான்!”
முதல் சொல்லை அழித்தேன்.
‘நோயாளியே’ போட்டால் பாரா வருகிற நர்ஸ் குரல்.
‘ஐயா’ போட்டுப் பார்த்து நானே சிரித்தேன்.
“நீ என்ன போடுவே?” என்றேன்.
“சாப்டியான்னு கேக்கச் சொல்லு.”
இடம் இருந்தது.
ஆனாலும் போடவில்லை.
முதல் சொல் இருந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

சிவகாசியிலிருந்து போன்.
“சார், பதினாலுல ஒரு வார்த்தை விட்டுப்போச்சு,
நாங்களே போட்டுக்கிட்டோம்.”

ஆற்றில் தண்ணீர் வந்த வாரம் புத்தகமும் வந்தது.
பணம் முழுசாகவே வந்தது.
தம்பி பக்கம் பக்கமாகப் புரட்டி
அந்தப் பலூனில் நடுங்கும் விரலை வைத்தான்.
“இடம் சரியாத்தான் இருக்கு” என்றான்.
பிறகு மஞ்சள் மாத்திரைக்குத்
தண்ணி கேட்டான்.